மைனஸ் அஞ்சு

நீயும் அந்தப் பரீட்சைக்குத்தானே போகிறாய், தங்கச்சி?

மறைக்காதே. மடியில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஹால் டிக்கெட். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறாய். அதில் இருக்கிற போட்டோ இறங்கியா ஓடிவிடும்? இதோ பார், என்னிடமும் அதே காகிதம். மாரீஸ்வரி, வயது இருபத்தாறு. போட்டோவில் மூஞ்சி கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கும். அது எடுத்த அன்றைக்கு என் மகளுக்குக் காய்ச்சல். மற்றபடி நீ பார்க்கிற மாதிரிதான் இருப்பேன்.

என்ன சொன்னாய்? "எதுல இருந்து ஆரம்பிக்கணும்னே தெரியலக்கா, சும்மா எழுதிப் பாக்கலாம்னு போறேன்" என்றா? சும்மா எழுதப் போகிறவளுக்குக் கை ஏன் இப்படி வியர்க்கிறது? சரி, சரி, சிரிக்கவில்லை. நீ ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக் கொடுத்தாய் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன். இப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியிருக்கிறது. மதுரை போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தெரிந்தது எல்லாம் உனக்குத் தெரிந்துவிடும். ரொம்ப ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

மொத்தம் நாற்பது இடம். லேப் டெக்னீஷியன் பட்டப்படிப்பு, பெண்களுக்கு மட்டும், நடுவில் படிப்பை விட்டவர்களும் வரலாம், ஃபீஸ் கிடையாது. இன்றைக்கு எழுதுவது முதல்நிலைப் பரீட்சை. நூற்றுக்கு நாற்பது எடுத்தால்தான் மெயின் பரீட்சைக்கே விடுவார்கள். அதெல்லாம் உனக்கும் தெரியும். உனக்கு இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இருக்கிறது. எனக்கு ஆடி பிறந்தால் இருபத்தேழு. இருபத்தேழு ஆனவர்களை எடுக்க மாட்டார்கள். எனக்கு இன்றைக்கு மட்டும்தான். அதனால்தான் நான் இத்தனை சந்தோஷமாக இருக்கிறேன். இன்னொரு நாள் இருந்திருந்தால் பயந்திருப்பேன்.

ஆரம்பம் எங்கே தெரியுமா? ஒரு கோட்டில்.

என் மகள் தன்ஷிகாவை எல்.கே.ஜி.யில் சேர்க்க ஒரு பாரம் வாங்கி வந்தோம். முழுக்க இங்கிலீஷ். என் நாத்தனார் முத்துச்செல்வி பொங்கலுக்கு வந்திருந்தாள். பி.எட். படித்தவள், தனியார் பள்ளியில் டீச்சர். நான் பூர்த்தி செய்கிறேன் மதினி என்று உட்கார்ந்தாள். அப்பா பெயர் எழுதினாள், மில்லில் வேலை என்று எழுதினாள், அம்மா பெயர் எழுதினாள். அம்மாவின் படிப்பு என்று ஒரு கட்டம். அதில் ஒரு கோடு போட்டாள். சின்னக் கோடு. இவ்வளவுதான், நகம் அளவு.

"ஏய், பிளஸ் டூ பாஸ்னு எழுது. பயாலஜி குரூப்பு. ஆயிரத்து இருநூறுக்கு எண்ணூத்தி எழுபத்தொண்ணு" என்றேன்.

"ஐயோ மதினி, அதையெல்லாம் படிப்புன்னு எழுதினா சிரிப்பாங்க. கோடு போட்டா கௌரவமா இருக்கும்" என்றாள்.

நானும் சிரித்தேன். தோசை சுட்டுப் போட்டேன். மூன்று தின்றாள். நாலாவது கேட்டாள், மாவு தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.

அந்தக் கோடுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் நான் படித்த பள்ளிக்கூடம் அப்படி. எங்கள் சண்முகக்கனி டீச்சர் பரீட்சைக்கு முந்தின நாள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்வார்: "எதையும் வெறுசா விட்டுட்டு வராதீங்கடி. தெரிஞ்சதை எழுது, தெரியாததையும் எழுது. ஒண்ணுமே தோணலையா, கேள்வியையே திருப்பி எழுதி வை. திருத்துறவரு பாவப்பட்டு ரெண்டு மார்க் போடுவாரு." நான் பத்தாம் வகுப்பில் வரைபடம் தெரியாமல் இந்தியாவுக்குப் பதிலாக ஒரு மாம்பழம் வரைந்து பெயர்கள் குறித்து வைத்தேன். ஒரு மார்க் கிடைத்தது. அப்படி வளர்ந்தவளின் கட்டத்தில் போய் இவள் கோடு போட்டுவிட்டாள்.

அடுத்த வாரமே அங்கன்வாடிச் சுவரில் இந்தப் படிப்புக்கான நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படித்தேன். நின்று இரண்டாம் தடவை படித்தேன். வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். காளிராஜ் என்று பெயர், ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு வேலை. பேசவே மாட்டார். அப்படி ஒரு மனுஷன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் இந்தப் பரீட்சை எழுதட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தார். "ரசம் இருக்கா?" என்றார்.

அவ்வளவுதான் பதில். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. ஒரு மார்க் கேள்விக்குக்கூட விடை எழுதாத மனுஷன்! எனக்கு வந்தது பார் கோபம். நீ சொல்லாவிட்டால் போ, நான் எழுதத்தான் போகிறேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ரசம் ஊற்றிவிட்டுத்தான் முடிவு செய்தேன்.

பழைய பேப்பர்க் கடையில் பிளஸ் டூ புத்தகங்கள் எடைக்கு வாங்கினேன். ஒரே ஒரு மாதிரி வினா விடைப் புத்தகம் மட்டும் புதிது. எப்போது படிக்கிறது? அதுதானே கேள்வி. உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால் போதும், "மாரி, ஈரத்துணி காயப் போட்டியா", "மாரி, பால்காரன் வந்துட்டான்", "அம்மா, ஆய்" என்று மூன்று திசையிலிருந்தும் வரும். அப்போதுதான் ஒன்று கண்டுபிடித்தேன். வாசலில் கோலம் போடுகிறவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். கவனித்திருக்கிறாயா? குனிந்திருக்கிற பொம்பளையை ஒரு அரை மணி நேரம் உலகம் சும்மா விட்டுவிடும்.

அதனால் விடைத்தாளை வாசலில் போட்டேன். வரிசைக்கு நாலு புள்ளி. அ, ஆ, இ, ஈ. இருபத்தைந்து வரிசை. வினாப் புத்தகம் தண்ணீர் வாளிக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். கேள்வியைப் படிக்கிறது, சரியான புள்ளியைச் சுற்றி ஒரு சுழி போடுகிறது. இருபத்தைந்து கேள்விக்கு இருபத்தைந்து நிமிடம். முடித்ததும் விடையைப் பார்த்து, தப்பானதைக் காலால் அழிக்கிறது. தெருவே நின்று பார்த்தது.

எங்கள் அத்தை, அதாவது மாமியார், "என்னடி இது, புள்ளியை வச்சுட்டுக் கோடு போட மறந்துட்டியா?" என்றார்.

பக்கத்து வீட்டு அய்யம்மா மதினி ஒரு படி மேலே போய்விட்டாள். "தினம் நாலு நாலா புள்ளி வச்சு ஒண்ணை மட்டும் வளைக்கிறியே மாரி, யாருக்குடி செய்வினை வச்சிருக்க? எங்க வீட்டு ஆடு ரெண்டு நாளா இரை எடுக்கல."

"உங்க ஆட்டுக்கு இல்ல மதினி, எங்க நாத்தனாருக்கு வச்சிருக்கேன்" என்றேன். மறுநாளிலிருந்து எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

அவர் இருக்கிறாரே, எங்கள் வீட்டுக்காரர், அவருக்கும் அந்தக் கோலம் பிடிக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்தால் முன்பெல்லாம் வண்டியை நேராக வாசலில்தான் ஏற்றுவார். நான் புள்ளி வைக்க ஆரம்பித்த பிறகு இரண்டு வீடு தள்ளியே நிறுத்திவிட்டு, சுவர் ஓரமாக நடந்து வருவார். வாசல் பக்கம் திரும்புவதே இல்லை. அவ்வளவு வெறுப்பு.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கவனமாகக் கேள்.

ராஜபாளையத்தில் ஜெயபால் சார் என்று ஒருவர் டுட்டோரியல் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாதிரிப் பரீட்சை, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னார்கள். மகளை எங்கே விடுவது என்று தவித்தேன். பார், என் அதிர்ஷ்டம், அந்த ஞாயிறு பார்த்து அவருக்குப் பகல் ஷிப்டு மாறிவிட்டது. வீட்டில்தான் இருந்தார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

எழுதினேன். நூறு கேள்வியும் எழுதினேன், ஒன்று விடவில்லை. சண்முகக்கனி டீச்சர் பார்த்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பார். தெரிந்ததுக்குத் தெரிந்தது, தெரியாததுக்கு 'இ'. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான், தெரியாவிட்டால் 'இ' போடுவோம், ஏன் என்று கேட்காதே. பக்கத்தில் இருந்த பெண் பாதிக்கு மேல் வெறுமனே விட்டிருந்தாள். பாவம், படிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

சாயங்காலம் சார் மார்க்கைப் படித்தார். அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு. பக்கத்துப் பெண்ணுக்கு நாற்பத்தொன்று. கடைசியாக என் பெயர்.

"மாரீஸ்வரி. மைனஸ் அஞ்சு."

ஒரே சிரிப்பு. "நீங்க வீட்டுலயே இருந்திருந்தா பூஜ்யம் கிடைச்சிருக்கும்மா. பஸ்சுக்குக் காசு குடுத்து வந்து அஞ்சு மார்க்கைத் தொலைச்சிட்டீங்க" என்றார் அந்த சார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நின்று, "சார், பூஜ்யத்துக்குக் கீழே மார்க் இருக்குன்னு எங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையே" என்றேன். இன்னும் சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க. அந்தத் தாளைக் குடுங்க, நான் கொண்டு போகணும்" என்றேன். தாளெல்லாம் கொடுக்கிறதில்லை என்றார். "நான் எழுதின தாளு, நான் வாங்கின மைனஸ். உங்ககிட்ட இருந்து உங்களுக்கு என்ன ஆகப் போகுது?" என்று மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். சரியான விடைக்கு ஒரு மார்க். தப்பான விடைக்கு அரை மார்க் பிடிப்பார்கள். விட்டுவிட்டால் ஒன்றும் இல்லை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் முப்பது சரி, எழுபது தப்பு. முப்பதில் முப்பத்தைந்து கழித்தால் மைனஸ் அஞ்சு. இது வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. நான் முதல் பக்கத்தைப் படிக்கவே இல்லை. கேள்விக்கு ஓடுகிற அவசரம். நீ இன்றைக்கு என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் முதல் பக்கத்தைப் படி. சத்தியம் பண்ணு. ம்.

வீட்டுக்கு வந்து அந்த எழுபது தப்பையும் வரிசையாகப் பார்த்தேன். பார்த்தால், பாதிக்கு மேல் 'இ'. அதாவது எழுதும்போதே எனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும்! தெரியாது என்று தெரிந்தும் போட்டிருக்கிறேன். அப்புறம் முறையை மாற்றினேன். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்குவோமே, அந்த மாதிரி. முதல் தடவை தாள் முழுக்க ஓடி, பார்த்ததும் தெரிகிற நல்ல காயை மட்டும் கூடையில் போடு. இரண்டாம் தடவை, சந்தேகமானதைத் திருப்பிப் பார். நாலில் இரண்டை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் எடு. நாலும் ஒரே மாதிரி இருந்தால் கையை எடுத்துவிடு. சொத்தை என்று தெரிந்தும் எடை போடச் சொல்வார்களா?

சொல்ல எளிது. விடுவதுதான் கஷ்டம், தங்கச்சி. கை அரிக்கும். வெறும் புள்ளி நாலைப் பார்த்தால் எனக்கு அந்தப் பாரத்தில் இருந்த கோடு ஞாபகம் வரும். 'இ' போடு, 'இ' போடு என்று விரல் துடிக்கும். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன், நம்பு. இரண்டாவது மாதிரிப் பரீட்சையில் நாற்பத்தாறு கேள்வி மட்டும் எழுதினேன். முப்பத்தெட்டு சரி, எட்டு தப்பு. மார்க் முப்பத்தி நாலு. மைனஸ் அஞ்சில் இருந்து முப்பத்தி நாலு! அன்றைக்கும் பார், அவருக்கு ஷிப்டு மாறி வீட்டில் இருந்தார். மூன்றாவது தடவையும் அப்படியே. ஆறு மாதமாக அந்த மில்லில் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு எல்லாம் எனக்கென்றே மாறுகிறது. அம்மன் கண் திறந்துவிட்டாள்.

மூன்றாவதில் ஐம்பத்தெட்டு எழுதி, ஐம்பது சரி. நாற்பத்தாறு மார்க். ஜெயபால் சார் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "எப்படிம்மா?" என்றார். "கத்தரிக்காய் சார்" என்றேன்.

இதிலே எனக்குக் கிடைத்த இன்னொரு லாபம் சொல்கிறேன். முன்பெல்லாம் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். "இந்த வயசுல படிப்பு எதுக்கு?" அதற்கு அரை மணி நேரம். "பிள்ளையை யாரு பாப்பா?" அதற்கு அரை மணி நேரம். "படிச்சு முடிச்சுக் கலெக்டர் ஆகப் போறியா?" அதற்கு முக்கால் மணி நேரம், அழுகை தனி. இப்போது ஒரே கணக்கு. கேட்கிறவருக்குப் பதில் வேண்டுமா, வேடிக்கை வேண்டுமா? வேடிக்கை என்றால் விட்டுவிடு. பதில் சொன்னால் அரை மார்க் போகும். அத்தை கேட்டார், "படிச்சு முடிக்கிறதுக்குள்ள உன் மகளே வயசுக்கு வந்துடுவா, தெரியுமா?" நான் சிரித்துக்கொண்டு உலையில் அரிசியைப் போட்டேன். முத்துச்செல்வி போனில், "மதினி, மைனஸ்ல எல்லாம் மார்க் வாங்குறீங்களாமே?" என்றாள். யார் சொன்னதோ. "ம், சாப்பிட்டியா?" என்றேன். சாப்பிட்ட கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றிலிருந்து நான் ரொம்பப் பேசுகிறதில்லை. தேவைக்கு மட்டும்தான்.

ஏன் சிரிக்கிறாய்?

அவரிடம் மட்டும் என்னால் விட முடியவில்லை. இன்றைக்குக் காலையில்கூடக் கேட்டேன். சேலை கட்டி, மகளுக்கு முத்தம் கொடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டேன். "கடைசியா கேக்கறேன். நான் போகட்டுமா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." அவர் பீரோ மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் தெரியுமா? "ஒரிஜினல் ஆதார் எடுத்துக்கிட்டியா? ஜெராக்ஸ் செல்லாதாம்" என்றார். நான் ஜெராக்ஸ்தான் வைத்திருந்தேன். பீரோ மேலிருந்து ஒரிஜினலை எடுத்துக் கவருக்குள் வைத்தார். அது சரி, நான் கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன? விடுவிடுவென்று இறங்கி பஸ் ஏறிவிட்டேன். அவர் போ என்று சொல்லிப் போகிறவள் இல்லை நான். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன். கேட்டது ஒரு மரியாதைக்கு. இனிமேல் கேட்கவும் மாட்டேன். அது என் தாள். அதை நான் ஏன் இன்னொருத்தரிடம் கொடுத்து வட்டம் போடச் சொல்ல வேண்டும்?

உன் பேனாவைக் காட்டு. இதென்ன, நீலம்! கறுப்புப் பால்பாயின்ட் பேனா என்று ஹால் டிக்கெட் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே. முதல் பக்கம், முதல் பக்கம்! இந்தா, என்னிடம் ஐந்து இருக்கிறது. அட, பிடி. மில்லில் கொடுத்தார்களாம், அவர் ஒரு டப்பா கொண்டு வந்தார். நூல் நூற்கிற மில்லில் பேனா எதற்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். எல்லாம் கறுப்பு. நல்லவேளை.

"எனக்குச் சொல்லிக் குடுத்தா உங்க சீட்டு போயிடாதாக்கா" என்றா கேட்கிறாய்? முத்துச்செல்வி இருந்தால் இதைத்தான் கேட்பாள். நாற்பது இடம் இருக்கிறது. என்னுடையதை நீ எடுத்துக்கொண்டால் மிச்சம் முப்பத்தொன்பதில் நான் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். உன்னைத் தோற்கடித்துத்தான் நான் ஜெயிக்க வேண்டும் என்றால், நான் படித்த லட்சணம் அவ்வளவுதான்.

உள்ளே போனதும் முதலில் உன் நம்பரை எழுது. எழுதி, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரி பார். வட்டத்தை முழுக்க அடை, வெளியே கசியாமல். அப்புறம் நல்ல காய், அப்புறம் சந்தேகக் காய். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கை அரிக்கும். அப்போது என்னை நினைத்துக்கொள். மைனஸ் அஞ்சு அக்கா என்று நினைத்துக்கொண்டு, பேனாவுக்கு மூடி போட்டுவிடு.

இரு, போன். அவர்தான்.

"ம், சொல்லுங்க... திருமங்கலம் வரப் போகுது... சாப்பிட்டேன், இட்லி... பாப்பா ரிப்பனா? சோப்பு டப்பாவுக்குப் பக்கத்துல பாருங்க. சிவப்பு இல்ல, பச்சை. ரெட்டைச் சடைதான் போடணும், ஒத்தைச் சடை போட்டா அழுவா... ஏன், நீங்க இன்னைக்கும் வேலைக்குப் போகலையா?... ம்... ம்... அது எதுக்கு இப்ப?... சரி, வைங்க."

வைத்துவிட்டார். பார்த்தாயா, இன்றைக்கும் ஷிப்டு மாறிவிட்டதாம். ரிப்பன் எங்கே என்று கேட்கத்தான் போன். பரீட்சைக்குப் போகிற பொண்டாட்டியிடம், நல்லா எழுது என்று ஒரு வார்த்தை? வரவில்லை, கடைசி வரைக்கும் வரவில்லை. முதல் பரீட்சையையே நான் இன்னும் எழுதவில்லை, அதற்குள் என்ன கேட்கிறார் தெரியுமா?

"அடுத்த பரீட்சை என்னைக்குன்னு தெரிஞ்சதும் எனக்கு முன்கூட்டியே சொல்லிடு, மாரி. ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்துல ஷிப்டு மாத்திக் கேட்டா மேஸ்திரி வையறாரு."